கடலைக் கட்டம் கட்டமாப் பிரிச்சு எண்ணெய்க்குக் கொடுக்குறது எப்படி நடக்குது? தெரிஞ்சவங்க சொல்லுங்க

உப்பனாற்றுக்காரி, கடலூர் முதுநகர்

எல்லாருக்கும் வணக்கம். எங்க மாமா பையன் அமெரிக்காவுல லூசியானா பக்கம் போர்ட் ஃபோர்ஷோன்னு ஒரு துறைமுகத்துல இருந்து ஓடுற சப்ளை கப்பல்ல வேலை பார்க்குறான். கடலுக்குள்ள இருக்குற எண்ணெய் மேடைகளுக்கு டீசல், குழாய், சாப்பாட்டுச் சாமான் எல்லாம் கொண்டு போற கப்பல். போன வாரம் வாட்ஸ்அப்ல ஒரு படம் அனுப்பினான். கப்பல் திரையில தெரியுற கடல் வரைபடம். அதுல ஓரத்துல இருந்து ஓரம் வரைக்கும் ஒரே சதுரக் கட்டம், கட்டத்துக்குக் கட்டம் ஒரு நம்பர். "இன்னைக்கு கிரீன் கேன்யன்ல நிக்கிறோம்"னு கீழ எழுதியிருந்தான்.

அப்பாகிட்ட காட்டினேன். அப்பா விசைப்படகு வெச்சுத் தொழில் பண்றார். பார்த்ததும் அவர் கேட்டது, "இந்தக் கட்டத்துக்குள்ள அந்த ஊர்க்காரன் வலை விடலாமா?" கொஞ்ச நேரம் கழிச்சு, "நம்ம கடலையும் இப்படித்தான் அறுத்து வெச்சிருக்கானா?" ரெண்டுக்கும் என்கிட்ட பதில் இல்ல.

நான் பள்ளிக்கூடம் படிச்சப்போ எங்க ஊர்க்கூட்டத்துல "மரக்காணத்துல இருந்து கடலூர் வரைக்கும் கடலை எழுதிக் கொடுத்துட்டாங்க"ன்னு பேசினது ஞாபகம் இருக்கு. 2019-ல ஹைட்ரோகார்பன் (எண்ணெய், எரிவாயு) திட்டத்தை எதிர்த்து மரக்காணத்துல இருந்து ராமேஸ்வரம் வரைக்கும் மனிதச் சங்கிலி நடந்தப்போ அம்மாவோட கையைப் பிடிச்சுக்கிட்டு நானும் நின்னேன். எதை எதிர்த்து நின்னோம்னு தெரியும். கடல்ல எந்தக் கோட்டுல இருந்து எந்தக் கோடு வரைக்கும்னு இன்னைக்கும் தெரியாது. இப்போ பரங்கிப்பேட்டையில கடல்சார் உயிரியல் படிக்கிறேன். நண்டு, இறால், மிதவை உயிரி எல்லாம் பாடத்துல இருக்கு, இது இல்ல.

அமெரிக்காவுல அந்தக் கோட்டை யார் போடுறாங்க? மாநிலக் கடல் எங்க முடியுது, மத்திய அரசுக் கடல் எங்க ஆரம்பிக்குது? கட்டம் போட்டாச்சுன்னா வித்தாச்சுன்னு அர்த்தமா? நம்ம பக்கம் என்ன கணக்கு? பொறுமையா யாராவது சொன்னா அப்பாவுக்குப் படிச்சுக் காட்டுவேன்.


கொண்டல்காத்து, தாழங்குடா

பாப்பா, எனக்குத் தெரிஞ்ச மட்டும் சொல்றேன். மீனுக்கு நம்ம ஊர்ல கோடு 12 கடல் மைல். அதுவரைக்கும் மாநில அரசு சட்டம், 1983-ல வந்த கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம். அதுக்கு அப்பால மத்திய அரசு. இந்தக் கோடு எவ்வளவு முக்கியம்னு மீன் கூட்டத்தை வளைச்சு அள்ளுற சுருக்குவலைப் பிரச்சினையில இந்தக் கரையே பார்த்துச்சு. 2023 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் இடைக்கால உத்தரவு போட்டப்போ, அந்த வலையை 12 மைலுக்கு வெளியில, திங்கக்கிழமையும் வியாழக்கிழமையும் மட்டும், காலையில 8 மணியில இருந்து சாயந்திரம் 6 மணி வரைக்கும் விடலாம்னு சொன்னாங்க. இங்க பாதி ஊர் அந்தக் கோட்டுக்கு உள்ள தொழில் பண்ணுது, பாதி ஊர் வெளியில போகுது.

எண்ணெய்க்கு என்ன கோடுன்னு எனக்கும் தெரியணும். எண்ணெய் தேடிக் கப்பல் வந்து சர்வே எடுத்தப்போ பின்னாடி மைல் கணக்குல ஒரு கேபிளை இழுத்துக்கிட்டுப் போனான். என் மச்சானோட வலை அதுல மாட்டி அறுந்து போச்சு. கூட வந்த காவல் போட்டுக்காரன் ஒதுங்கு ஒதுங்குன்னு கையை ஆட்டினானே தவிர, எந்தக் கம்பெனி, யார்கிட்ட கேக்குறதுன்னு ஒரு துண்டுச் சீட்டு கூடக் கொடுக்கல.


பாகம்கணக்கு, புதுச்சேரி

தங்கச்சி, நான் ஹூஸ்டன்ல எண்ணெய் தேட நில அதிர்வு ஆய்வு பண்ற ஒரு கம்பெனியில வரைபடப் பிரிவுல இருந்தவன். இப்போ முத்தியால்பேட்டையில வீட்டோட இருக்கேன். உன் மாமா பையன் திரையில தெரிஞ்ச அந்தக் கட்டங்கள்தான் எனக்கு ரொம்ப காலம் சோறு போட்டுச்சு. அதனால நீளமாத்தான் எழுதுவேன்.

முதல்ல பயத்தைத் தீர்த்துடலாம். கட்டம் இருக்குங்கிறதுக்காக வித்தாச்சுன்னு அர்த்தம் இல்ல. நம்ம ஊர் நிலத்துக்கு சர்வே நம்பர் மாதிரிதான் அது. ஒரு சொட்டு எண்ணெய் இல்லாத இடத்துலயும் கட்டம் இருக்கும். தோண்டவே கூடாதுன்னு மூடி வெச்ச இடத்துலயும் இருக்கும். குத்தகைக்குப் போச்சா இல்லையாங்கிறது வேற பதிவேடு.

அமெரிக்காவுல 1953-ல ரெண்டு சட்டம் போட்டாங்க. ஒண்ணு கரையோரக் கடலடி நிலத்தை மாநிலத்துக்குக் கொடுத்துச்சு. பெரும்பாலான மாநிலத்துக்குக் கரையில இருந்து 3 கடல் மைல், அதாவது அஞ்சரை கிலோமீட்டர். டெக்சாஸுக்கும், மெக்சிகோ வளைகுடாப் பக்கத்து ஃப்ளோரிடாவுக்கும் மட்டும் 9 மைல். டெக்சாஸ் அமெரிக்காவுல சேருறதுக்கு முன்னாடி தனிக் குடியரசா இருந்தது, அப்போ வெச்சிருந்த எல்லையைக் கடைசி வரைக்கும் விடல. இன்னொரு சட்டம், அதுக்கு வெளியில இருக்குறதெல்லாம் மத்திய அரசோடதுன்னு சொன்னது. 200 மைல் வரைக்கும், சில இடத்துல அதுக்கு அப்பாலும் போகும்.

இதுல கவனிக்க வேண்டியது, அந்த 3 மைலுக்குள்ள மீனும் மாநிலத்தோடது, அடியில இருக்குற எண்ணெயும் மாநிலத்தோடது. நம்ம ஊர் அப்படி இல்ல. அதைக் கடைசியில சொல்றேன்.

மத்திய அரசுக் கடலை நிர்வாகம் பண்றது உள்துறையோட கீழ இருக்குற ஒரு அலுவலகம், நாங்க போயெம்னு சொல்வோம். அங்க உள்துறைன்னா போலீஸ் இல்ல, நிலம், காடு, கனிமம் பார்க்குற துறை. 2010-ல நடந்த எண்ணெய் மேடை விபத்துக்கு (கீழ சொல்றேன்) அப்புறம் பழைய அலுவலகத்தை உடைச்சு, குத்தகை கொடுக்குறவங்க வேற, பாதுகாப்பு பார்க்குறவங்க வேறன்னு 2011-ல பிரிச்சாங்க. அதுக்கு முன்னாடி குத்தகை கொடுத்தது, வருமானம் வசூலிச்சது, கிணத்தைச் சோதிச்சது எல்லாம் ஒரே கை.

பிரிவு எப்படின்னா, முதல்ல நாலு மண்டலம்: அலாஸ்கா, பசிபிக், அட்லாண்டிக், மெக்சிகோ வளைகுடா. வளைகுடாவுக்கு 2025-ல அமெரிக்க அரசு பேரை மாத்திடுச்சு, நான் பழைய பேரையே எழுதுறேன். மண்டலத்துக்குள்ள திட்டப் பகுதிகள். அலாஸ்காவுல மட்டும் 15, பசிபிக்ல 4, அட்லாண்டிக்ல 4, வளைகுடாவுல 3, ஆக 26 ரொம்ப காலமா இருந்துச்சு. 2025-ல வட துருவப் பக்கம் ஒண்ணு கூட்டி 27 ஆக்கினாங்க.

திட்டப் பகுதிக்குள்ள வரைபடத் தாள்கள். இதுதான் என் வேலை. கிரீன் கேன்யன்னு உன் மாமா பையன் சொன்னது ஒரு தாளோட பேர். கடலடியில இருக்குற பள்ளத்தாக்கு, மேடு இதையெல்லாம் வெச்சுப் பேர் வைப்பாங்க. மிசிசிப்பி கேன்யன், வாக்கர் ரிட்ஜ், கார்டன் பேங்க்ஸ், இப்படி. ஒவ்வொரு தாளுக்கும் ஒரு குறியீடும் உண்டு. மிசிசிப்பி கேன்யன் தாள் என்.ஹெச். 16-10. 'என்' வடக்கு. பூமத்திய ரேகையில இருந்து 4 டிகிரிக்கு ஒரு எழுத்து, 'ஹெச்'னா 28-ல இருந்து 32 டிகிரி. 16 தீர்க்க ரேகை மண்டலம். உலகம் முழுக்க இதே கணக்குதான். வேலை இல்லாத ஒரு மத்தியானம் நம்ம ஊர் எந்தத் தாள்ல வரும்னு போட்டுப் பார்த்தேன். கடலூர் 11 டிகிரி 45 நிமிஷம், என்.சி. 44. புதுச்சேரியும் அதேதான். காலாப்பட்டுக்குக் கொஞ்சம் தெற்கால 12 டிகிரிக் கோடு ஓடுது, அதைத் தாண்டினா என்.டி. 44. மரக்காணம் அடுத்த தாள்ல போயிடுது.

தாளுக்குள்ள கட்டம். வளைகுடாவுல பெரும்பாலும் 3 மைலுக்கு 3 மைல், கடல் மைல் இல்ல, தரை மைல். கிலோமீட்டர்ல 4.8-க்கு 4.8, பரப்பு 23 சதுர கிலோமீட்டர். கடலூர் துறைமுகத்துல இருந்து புதுச்சேரி பழைய துறைமுகம் வரைக்கும் கரையோரமா நாலஞ்சு கட்டம்தான் அடுக்கலாம். காற்றாலைக்கு இன்னும் பொடிசா வெட்டணும்னா ஒரு கட்டத்தை 16 துண்டாக்கி, 1,200 மீட்டருக்கு 1,200 மீட்டர் துண்டா சேர்ப்பாங்க.

2010 ஏப்ரல் 20-ல 11 பேர் செத்துப்போன டீப்வாட்டர் ஹொரைசன் மேடை நின்ன இடம் மிசிசிப்பி கேன்யன் தாள், 252-ம் கட்டம். குத்தகையும் அனுமதியும் அந்த ஒரே ஒரு கட்டத்துக்குத்தான். கசிஞ்ச எண்ணெய் லூசியானாவுல இருந்து ஃப்ளோரிடா வரைக்கும் கரை ஏறுச்சு. கட்டம் காகிதத்துல நிக்கும், தண்ணி நிக்காது. இத்தனைக்கும் அந்தக் கிணத்தோட ஆய்வுத் திட்டத்துக்குத் தனியா விரிவான சுற்றுச்சூழல் அறிக்கை வேண்டாம்னு விலக்கு கொடுத்திருந்தாங்க. அதனால அமெரிக்கா பண்றதெல்லாம் சரின்னு நான் சொல்ல வரல.

ஆனா ஒரு விஷயத்துல அவங்க முறையை நான் மதிக்கிறேன். 1978-ல சட்டத்தைத் திருத்தினாங்க. அதுப்படி அஞ்சு வருஷத்துக்கு எந்தத் திட்டப் பகுதியில எந்த வருஷம் ஏலம்னு முன்கூட்டியே அட்டவணை போடணும். முதல் வரைவு வரும், ஜனங்க கருத்து சொல்லணும். ரெண்டாவது வரைவு வரும், மறுபடியும் கருத்து. வரைவுக்கு வரைவு பகுதிகளை வெட்டிக் குறைக்கலாம், முதல் வரைவுல இல்லாத பகுதியைப் பின்னாடி நுழைக்க முடியாது. அப்புறம் ஏலத்துக்குன்னு தனியா ஒரு சுற்று. மூடின உறையில விலை கேட்டு, எல்லாரும் பார்க்கப் பிரிச்சுப் படிப்பாங்க. குத்தகை எடுத்தவன் தோண்டணும்னா ஆய்வுத் திட்டம் கொடுக்கணும், எண்ணெய் கிடைச்சா உற்பத்தித் திட்டம் கொடுக்கணும். முதல் கோட்டுக்கும் முதல் கிணத்துக்கும் நடுவுல பல வருஷம், பல வாசல். லூசியானாவுல இறால் பிடிக்கிறவன் எந்த வாசல்ல போய் நின்னு கத்தணும்னு அவனுக்குத் தேதியோட தெரியும். கத்தினா கேப்பாங்களாங்கிறது வேற. நிக்கிற இடம் தெரியும்.

அப்பாவோட முதல் கேள்விக்குப் பதில்: விடலாம். குத்தகை கடலடிக்குத்தான், தண்ணிக்கு இல்ல. மேடையைச் சுத்தி 500 மீட்டர் வரைக்கும் பாதுகாப்பு வளையம் போட சர்வதேசக் கடல் சட்டத்துல இடம் இருக்கு. அந்த வளையத்துக்கு வெளியில வலை விடத் தடை இல்ல.

தாழங்குடா அண்ணனுக்கு ஒண்ணு. அந்த 1978 திருத்தத்துலயே மீனவர்களுக்குன்னு ஒரு இழப்பீட்டு நிதி வெச்சாங்க. கடலடியில எண்ணெய்க் கம்பெனி விட்டுப்போன குழாய், இரும்புல வலை மாட்டிக் கிழிஞ்சா, எந்தக் கம்பெனின்னு கண்டுபிடிக்க முடியலைன்னாலும் அந்த நிதியில இருந்து கேக்கலாம். நிதிக்குப் பணம் கட்டுறது குத்தகை வெச்சிருக்குற கம்பெனிகள்தான். உங்க மச்சான் கேட்டாரே யார்கிட்ட கேக்குறதுன்னு, அந்தக் கேள்விக்கு அங்க ஒரு முகவரி இருக்கு. இங்கேயும் இருக்கணும்னு நான் மனசார ஆசைப்படுறேன்.


உப்பனாற்றுக்காரி

அண்ணா, ரொம்ப நன்றி. அப்பா ரெண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். "தண்ணி நிக்காது"ங்கிற இடத்துல நிறுத்தி, மறுபடியும் படின்னார். நம்ம பக்கம் கடைசியில சொல்றேன்னு சொன்னீங்களே, அதுதான் எங்களுக்கு முக்கியம்.


பாகம்கணக்கு, புதுச்சேரி

சொல்றேன். இங்க மூணு கணக்கைப் பிரிச்சுப் பார்க்கணும்: மீன், கனிமம், பணம்.

மீன் கணக்கைத் தாழங்குடா அண்ணன் சொல்லிட்டார். 12 மைல் வரைக்கும் மாநிலம், புதுச்சேரிக் கரைன்னா புதுச்சேரி அரசு.

கனிமம் வேற. அரசியலமைப்புச் சட்டம் 297-வது பிரிவைப் பாரு. கடல் எல்லைக்குள்ள தண்ணிக்கு அடியில இருக்குற நிலம், கனிமம் எல்லாம் மத்திய அரசுக்கே சொந்தம். முதல் மைல்ல இருந்தே. தேவனாம்பட்டினம் கரையில நின்னு பார்த்தா கண்ணுக்குத் தெரியுற தூரத்துல, மேல நீந்துற மத்தி மீனுக்குச் சட்டம் போடுறது சென்னை, அடியில இருக்குற எண்ணெய்க்குச் சட்டம் போடுறது டெல்லி. 1976-ல வந்த கடல் எல்லைச் சட்டம்தான் 12, 24, 200 மைல் கோடுகளை வகுத்தது. எண்ணெயைப் பொறுத்தவரைக்கும் அந்த 12 மைல் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே ஆள்தான்.

அமெரிக்காவுல முன்னாடி 26 திட்டப் பகுதின்னு சொன்னேன்ல, இங்க 26 வண்டல் படுகைன்னு (வண்டல் படிஞ்சு பாறையான பகுதி) கணக்கு. எண்ணிக்கை தற்செயலா ஒத்துப்போச்சு, அவ்வளவுதான். அவங்களோடது நிர்வாகக் கோடு, நம்மளோடது பாறையைப் பார்த்துப் போட்ட கோடு. நம்ம கடலோரம் காவிரிப் படுகை. தரையில நெல் வயலுக்கு அடியில இருக்குற அதே படுகை கடலுக்குள்ளயும் நீண்டு போகுது. புதுச்சேரிக்குத் தெற்கால கடல்ல பி.ஒய்.-3-ன்னு ஒரு வயல் 1997-ல எண்ணெய் எடுக்க ஆரம்பிச்சு 2011-ல நின்னுச்சு. பி.ஒய்.-1 எரிவாயு வயல், 2009-ல ஆரம்பிச்சது. அந்த வாயுவைப் பிள்ளைப்பெருமாள்நல்லூர்ல கரை ஏத்தினாங்க. நம்ம கடல்ல எண்ணெய் வேலை புதுசுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, புதுசு இல்ல.

கட்டம் போடுறதுலதான் பெரிய வித்தியாசம். முன்னாடி அரசே பிளாக் (எண்ணெய் தேடக் கொடுக்குற பகுதி) வரைஞ்சு ஏலத்துக்கு வைக்கும். 2016-ல வந்த புதுக் கொள்கைக்கு அப்புறம், அரசோட நிலத்தடித் தகவல் களஞ்சியத்தைப் பார்த்துட்டு, எனக்கு இந்த இடம் வேணும்னு கம்பெனியே எல்லை வரைஞ்சு கேக்கலாம். அப்புறம் அதை ஏலத்துல விடுவாங்க. அந்த முறையில வந்த முதல் சுற்றுலதான், 2018-ல, 55 பிளாக் கொடுத்தாங்க. மரக்காணம் தொடங்கிக் கடலூர் பக்கம் வர்ற பிளாக்கும், பரங்கிப்பேட்டையில இருந்து தெற்கே போற பிளாக்கும் வேதாந்தா கம்பெனிக்குப் போச்சு. உங்க ஊர்க்கூட்டத்துல பேசினது அதுதான். வடக்கு பிளாக் மட்டும் ஏறத்தாழ 1,800 சதுர கிலோமீட்டர். அமெரிக்கக் கட்டத்துல கணக்குப் போட்டா எழுபது எண்பது கட்டம் சேர்ந்தது ஒரே பிளாக்.

எனக்கு வயித்தெரிச்சல் இங்கதான். அஞ்சு வருஷ அட்டவணை, ரெண்டு வரைவு, கருத்துக் கேட்பு எதுவும் இந்த முறையில இல்ல. மீனவருக்குன்னு இருந்த ஒரே வாசல் சுற்றுச்சூழல் அனுமதிக்கான பொது விசாரணை. 2020 ஜனவரியில அந்தச் சுற்றுச்சூழல் அனுமதி அறிவிக்கையைத் திருத்தி, ஆய்வுக் கிணறு தோண்டுறதை வேற வகைக்கு மாத்திட்டாங்க. அதோட ஆய்வு நிலையில பொது விசாரணை கட்டாயம் இல்லைன்னு ஆயிடுச்சு. கடலூர் கலெக்டர் ஆபீஸ்ல மைக்கைப் பிடிச்சு "எங்க பாடு (மீன் பிடிக்கிற இடம்) இங்க இருக்கு, இங்க தோண்டாதே"ன்னு சொல்ற உரிமை, தோண்டுறதுக்கு முன்னாடி வேணும். எண்ணெய் கிடைச்சதுக்கு அப்புறம் அதைக் கேட்டு என்ன பிரயோஜனம்? 2020 பிப்ரவரியில தமிழ்நாடு அரசு வேளாண் மண்டலச் சட்டம் கொண்டுவந்து, கடலூர் மாவட்டத்துல காட்டுமன்னார்கோயில், பரங்கிப்பேட்டை உட்பட 5 ஒன்றியத்தைச் சேர்த்துச்சு. நல்ல சட்டம். ஆனா அது வயலுக்கு. பரங்கிப்பேட்டை ஒன்றியத்துல வயல் காப்பாத்தப்பட்டுச்சு, அலை அடிக்கிற இடத்துல சட்டம் நின்னு போச்சு.

பணக் கணக்கு. தரையில எடுத்தா ராயல்டி, அதாவது எடுக்குற எண்ணெய்க்குக் கம்பெனி கட்டுற பங்கு, மாநிலத்துக்கு. கடல்ல எடுத்தா மத்திய அரசுக்கு. புதுக் கொள்கையில ஆழம் குறைஞ்ச கடலுக்கு ஏழரை சதவீதம், ஆழ்கடலுக்கு முதல் ஏழு வருஷம் ஒண்ணும் இல்ல, அப்புறம் அஞ்சு. அமெரிக்காவுல 2006-ல ஒரு சட்டம் வந்து, வளைகுடாவுல தகுதியுள்ள குத்தகை வருமானத்துல முப்பத்தேழரை சதவீதத்தை டெக்சாஸ், லூசியானா, மிசிசிப்பி, அலபாமா நாலு மாநிலத்துக்கும் பிரிச்சுக் கொடுக்கச் சொல்லுச்சு. உச்சவரம்பு இருக்கு, இருந்தாலும் அந்தப் பங்குல ஐந்துல ஒண்ணு கரையோர உள்ளாட்சிக்கு நேரா போகும். கடலூர் நகராட்சியா இருந்தப்பவும் சரி, மாநகராட்சி ஆனப்புறமும் சரி, அப்படி ஒரு வரவு அதோட பட்ஜெட்ல வந்தது கிடையாது.


நெய்தல்நிலம், வீராம்பட்டினம்

காற்றாலையையும் சேர்த்துச் சொல்லிடுறேன், இங்க நிறைய பேர் குழப்பிக்கிறாங்க. கடல் காற்றாலைக்கு நம்ம நாட்டுல பொறுப்பு சென்னை பள்ளிக்கரணையில இருக்குற தேசியக் காற்று ஆற்றல் நிறுவனம். தமிழ்நாட்டுல அவங்க குறிச்ச பகுதிகள் மன்னார் வளைகுடாப் பக்கம், நம்ம கரையில இல்ல. 2023 டிசம்பர்ல குத்தகை விதிகள் வந்துச்சு, 2024 ஜூன்ல தமிழ்நாட்டுக்கும் குஜராத்துக்கும் தலா 500 மெகாவாட்டுக்கு நிதி உதவி அறிவிச்சாங்க. தூத்துக்குடிப் பக்கம் இருக்குற சொந்தக்காரங்ககிட்ட இப்பவே சொல்லி வைங்க. எண்ணெய் மேடை ஒரு புள்ளியில நிக்கும், காற்றாலை வரிசை வரிசையா நிக்கும். வலை விடுறவனுக்கு ரெண்டும் ஒண்ணு இல்ல.


பாகம்கணக்கு, புதுச்சேரி

வீராம்பட்டினத்துக்காரர் சொன்னது சரி. தங்கச்சி, நீ செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு. சுற்றுச்சூழல் அனுமதிக்கு யார் விண்ணப்பிச்சாலும் மத்திய அரசோட பரிவேஷ் இணையதளத்துல ஏறும். மாவட்டம் கடலூர்னு போட்டுத் தேடு. விண்ணப்பத்தோட வர்ற அறிக்கையில பிளாக்கோட மூலைப் புள்ளிகளும், கிணறு தோண்டப் போற இடமும் அட்சரேகை தீர்க்கரேகையோட இருக்கும். ஹைட்ரோகார்பன் இயக்குநரகத்தோட தளத்துலயும் ஏலத்துக்கு வர்ற பிளாக் வரைபடம் போடுவாங்க.

அதை அப்பாவோட ஜி.பி.எஸ்.ல ஏத்துறப்போ ஜாக்கிரதை. அறிக்கையில டிகிரி, நிமிஷம், வினாடின்னு இருக்கும். நம்ம போட்டுல இருக்குற கருவி பெரும்பாலும் டிகிரி, நிமிஷம், நிமிஷத்துல புள்ளின்னு காட்டும். 11 டிகிரி 42 நிமிஷம் 30 வினாடின்னு இருந்தா, கருவியில 42.500-ன்னு அடிக்கணும். வினாடியை 60-ஆல வகுக்கணும். அப்படியே 42.300-ன்னு அடிச்சா புள்ளி 370 மீட்டர் தள்ளிப் போயிடும். 500 மீட்டர் வளையத்துக்கு 370 மீட்டர் பிழைன்னா என்ன ஆகும்னு அப்பாவுக்கே தெரியும்.

கூடவே அப்பாவோட பாடு எங்க எங்கன்னு அதே கருவியில இருக்குற புள்ளிகளை எடுத்து, எந்த மாசம், எத்தனை பாகம் ஆழம், என்ன மீன்னு ஒரு நோட்டுல எழுது. பிளாக் கோடு வரைபடத்துல இருக்கு. மீன் பாடு எந்த அரசு வரைபடத்துலயும் ஊர் விவரத்தோட இல்ல. ஆட்சேபம் எழுதுறப்போ அந்த நோட்டுதான் பேசும்.


உப்பனாற்றுக்காரி

அப்பா கருவி நிமிஷப் புள்ளிதான் காட்டுது, இப்பத்தான் போய்ப் பார்த்துட்டு வந்தேன். அவரோட புள்ளிகள் நிறைய பேர் இல்லாம வெறும் நம்பரா இருக்கு. எது பாறை, எது பாடு, எது மூழ்கின போட்டுன்னு அவருக்கு மட்டும்தான் தெரியும். ஏப்ரல் 15-ல தடைக்காலம் ஆரம்பிக்குது, போட்டு கரையில ஏறிடும். ஜூன் 14 வரைக்கும் அவர் வீட்டுலதான் வலை பின்னிக்கிட்டு இருப்பார், பக்கத்துல உக்காந்து ஒண்ணொண்ணா கேட்டு எழுதிடுவேன். பரிவேஷ்ல தேடிட்டு என்ன கிடைச்சதுன்னு இங்கேயே போடுறேன். தாழங்குடா அண்ணா, உங்க மச்சானோட வலை அறுந்த இடத்துப் புள்ளி இருந்தா அனுப்புங்க, அதையும் சேர்த்துக்கலாம்.


கொண்டல்காத்து, தாழங்குடா

இருக்கு பாப்பா. சாயந்திரம் மச்சான் கரைக்கு வந்ததும் அனுப்புறேன். எங்க ஊர்ல இன்னும் அஞ்சாறு பேர்கிட்ட கேட்டு வாங்குறேன்.